கார் கடனை விற்றுவிட்டால் அபாயமும் போய்விடுமா?

கேள்வி இப்படி வந்தது: "கார் கடன் கொடுக்கிற கம்பெனிகள் கடன்களையும் லீஸ்களையும் மொத்தமாக மூட்டை கட்டிப் பத்திரமாக்கி முதலீட்டாளர்களிடம் தள்ளிவிடுகின்றன. காசு கைக்கு வந்த பிறகு யார் தவணை கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன? அப்படியென்றால் யாருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுக்கலாமே?"

ஜனவரி 9, 2026, காலை

முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் சிக்கல். விற்றுவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம், நடப்பதோ நிதி திரட்டல். கம்பெனி பாதுகாப்பான பெரும் பகுதியை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு, முதல் அடி விழும் பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வழக்கமான வாகனக் கடன் தொகுப்புகளில் இதுதான் நிலைமை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வாகனக் கடன் வசூல் கணக்குப் பிரிவில் இருந்து டிரஸ்டுகளுக்கான மாதாந்திர அறிக்கைகள் தயாரித்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

நடைமுறை இதுதான். கட்-ஆஃப் தேதி என்று ஒரு நாளைக் குறித்து, அன்று நிலுவையில் இருக்கும் கடன்களில் நிபந்தனைக்குப் பொருந்துபவற்றைப் பொறுக்குகிறார்கள்: தவணை பாக்கி அதிகம் இல்லாதவை, கட்டுகிறவர் திவால் நடவடிக்கையில் இல்லாதவை, மீதிக் காலம் ஒரு வரம்புக்குள் இருப்பவை. அந்தத் தொகுப்பைக் கம்பெனி தன் துணை நிறுவனம் ஒன்றுக்கு விற்கிறது, துணை நிறுவனம் அதை ஒரு டிரஸ்டுக்கு மாற்றுகிறது, டிரஸ்ட் அதன் மேல் நோட்டுகளை, அதாவது கடன் பத்திரங்களை, வெளியிடுகிறது. முதலீட்டாளர் கொடுக்கும் பணம் இதே வழியில் பின்னோக்கி வந்து கம்பெனியைச் சேர்கிறது. அதை வைத்து அடுத்த கார்களுக்குக் கடன் கொடுக்கிறார்கள். நடுவில் ஒரு துணை நிறுவனம் எதற்கு என்றால், நாளைக்குக் கம்பெனி திவாலானாலும் அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்கள் இந்தத் தொகுப்பின் மேல் கை வைக்க முடியாதபடி சுவர் எழுப்பத்தான்.

இவ்வளவு சுற்று ஏன்? இந்தக் கம்பெனிகளில் பல மக்களிடம் டெபாசிட் வாங்குவதில்லை. சந்தையில் கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கின்றன. சொந்தப் பெயரில் வாங்கினால் வட்டி அவர்களுடைய ரேட்டிங்கைப் பொறுத்தது, தொகுப்பின் பெயரில் வாங்கினால் தொகுப்பின் தரத்தைப் பொறுத்தது. 2005 மே மாதம் எஸ் அண்ட் பி என்ற ரேட்டிங் நிறுவனம் ஃபோர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் முதலீட்டுத் தரத்துக்குக் கீழே இறக்கியது. அப்போதும் ஃபோர்டின் கடன் பிரிவான ஃபோர்டு கிரெடிட்டின் கார் கடன்களை வைத்து வெளியான மேல் வகுப்பு நோட்டுகள், அதாவது முதலில் பணம் பெறுபவை, ட்ரிபிள் ஏ என்ற உச்சத் தரத்திலேயே நின்றன. தாய் நிறுவனம் தள்ளாடிய அந்த வருடங்களில் பத்திரமாக்கல்தான் அதற்குப் பெரிய பண வழியாக இருந்தது.

ஜனவரி 9, இரவு

"முதல் அடி விழும் பகுதி" என்றதற்குக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பில் 1000. வாடிக்கையாளர்கள் கட்டும் சராசரி வட்டி 9 சதவீதம். அதன் மேல் வெளியிடும் நோட்டுகள் 950, அதற்கு டிரஸ்ட் கொடுக்கும் சராசரி வட்டி 5 சதவீதம். வசூல் செய்துகொடுப்பதற்கு வருடத்துக்கு 1 சதவீதம் கட்டணம், இந்தத் துறையில் பழகிப்போன அளவு அது. முதல் வருடம் தோராயமாக வட்டி வரவு 90. அதில் வசூல் கட்டணம் 10, நோட்டு வட்டி 47.5. மீதி 32.5. இந்த மீதியைத்தான் உபரி வட்டி என்கிறோம்.

இப்போது கடன்கள் கெட்டுப்போகட்டும். ஒரு கடன் கெட்டால் வண்டியைத் தூக்கி ஏலத்தில் விடுகிறார்கள், பாதி தேறுகிறது என்று வைப்போம். வருடத்தில் தொகுப்பின் 6.5 சதவீதம் கெட்டால் பாதி தேறிய பிறகு நிகர நஷ்டம் 32.5. உபரி வட்டி அப்படியே அதற்குச் சரியாகப் போய்விடும். அதற்கு மேல் போனால் நோட்டாக வெளியிடாமல் வைத்த 50 குறைய ஆரம்பிக்கும். ரொக்கமாக ஒதுக்கி வைத்த ரிசர்வ் கணக்கு ஒன்றும் பக்கத்தில் இருக்கும். இதெல்லாம் கரைந்த பிறகுதான் கீழ் வகுப்பு நோட்டுக்காரருக்கு அடி, அவர் முழுதாகப் போன பிறகுதான் அதற்கு மேலே இருப்பவருக்கு. அந்த உபரி வட்டியும் அந்த 50-ம் யாருடையவை? கடன் கொடுத்த கம்பெனியுடையவை. அவர்களுடைய லாபமே அதில்தான் இருக்கிறது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. தண்ணீர் முதலில் தலைமடைக்கு, மிஞ்சினால் அடுத்த வயலுக்கு, கடைசியில் கடைமடைக்கு. வறட்சி வந்தால் முதலில் காய்வது கடைமடை. இங்கே கடைமடையில் உட்கார்ந்திருப்பது கம்பெனி. இனிமேல் இந்தச் சொற்களையே பயன்படுத்துகிறேன்.

ஜனவரி 10

"வகுப்பு வகுப்பாகப் பிரிப்பது குழப்புவதற்காகத்தானே" என்று ஒருவர். இல்லை. வாங்குகிறவர்கள் வேறுவேறு ஆட்கள். ஏ-1 என்ற முதல் துண்டு ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிடும், அமெரிக்காவில் பணச்சந்தை நிதிகள் வாங்குவதற்காகவே அப்படி வெட்டுகிறார்கள், ஏனென்றால் அந்த நிதிகள் வாங்கும் பத்திரத்தின் காலத்துக்கு 397 நாள் என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது. ஏ-2, ஏ-3, ஏ-4 எல்லாம் அடுத்தடுத்த காலத்துக்கு. பி, சி, டி என்று கீழே போகப் போக வட்டி கூடும், ஆபத்தும் கூடும். அசல் பெரும்பாலும் மேலிருந்து வரிசையாகத்தான் அடைபடும், அதனால் மாதம் ஆக ஆகத் தலைமடைக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பு சதவீதக் கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். நல்ல தொகுப்புகளின் நோட்டுகளுக்குப் பாதி வழியில் ரேட்டிங் உயர்வதற்கு இதுதான் காரணம்.

ஜனவரி 10, மாலை

பூஜ்ய வட்டிக் கடன் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. கார் தயாரிப்பாளரின் சொந்தக் கடன் நிறுவனம் விற்பனையை ஏற்றுவதற்காக 0 சதவீதத்துக்குக் கடன் கொடுக்கிறது. வட்டியே வராத கடனைத் தொகுப்பில் போட்டால் நோட்டுக்காரருக்கு 5 சதவீதம் எங்கிருந்து கொடுப்பது?

கடனின் மதிப்பைக் குறைத்துத்தான். வரப்போகும் தவணைகளை ஒரு கழிவு விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அந்தக் குறைந்த தொகைக்கு மட்டும் நோட்டு வெளியிடுகிறார்கள். 100 அசல் பாக்கி உள்ள பூஜ்ய வட்டிக் கடன் கணக்கில் 90 சொச்சமாக நுழையும். அசலாக வரும் தவணையில் ஒரு பகுதி வட்டியாக வேலை செய்யும். இதையே கூடுதல் ஈடு, அதாவது நோட்டுத் தொகைக்கு மேல் இருக்கும் கடன் தொகை, என்று அறிக்கையில் போடுவதால், தொகுப்பில் ஈடு நிறைய இருப்பதாகப் பார்க்கிறவருக்குத் தோன்றும். அது நஷ்டத்தைத் தாங்க வைத்த ஈடு இல்லை, வட்டிப் பற்றாக்குறையை நிரப்ப வைத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு தொகுப்பை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

ஜனவரி 11

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக. வீட்டுக் கடன் தவிர்த்த பத்திரமாக்கல் 1985-இல் தொடங்கியது. முதலில் வந்தது ஸ்பெரி நிறுவனத்தின் கணினி லீஸ்களை வைத்து. அதே வருடம் மரீன் மிட்லண்ட் வங்கியின் கார் கடன்களை வைத்து சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி வெளியிட்டது, கார்ஸ் என்றே அதற்குப் பெயர். 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கடன் பிரிவான ஜிஎம்ஏசி ஒரே வெளியீட்டில் 4 பில்லியன் டாலர் திரட்டியது, அதற்குப் பிறகு இதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கார் கடன் இதற்குத் தோதாக அமைந்தது. சிறு சிறு கடன்கள், ஆயிரக்கணக்கில், ஒரே மாதிரித் தவணை, சில வருடங்களில் தீர்ந்துவிடும்.

ஜனவரி 13

இது நீளமாகத்தான் போகும், ஏனென்றால் என் கையால் செய்த வேலை இது.

மாதக் கடைசியில் ஒரு டிரஸ்டுக்கு எவ்வளவு வசூல், எத்தனை கடன் 30 நாள் பாக்கி, எத்தனை 60, எத்தனை 90, எத்தனை வண்டிகள் தூக்கப்பட்டன, ஏலத்தில் எவ்வளவு தேறியது என்று எழுதி அனுப்புவோம். முதலீட்டாளர்கள் 60 நாள் பாக்கி எத்தனை சதவீதம் என்ற வரிக்கு நேராகப் போவார்கள். ஃபிட்ச் என்ற ரேட்டிங் நிறுவனத்தின் குறியீட்டில் 2025 ஜனவரியில் அமெரிக்க சப்பிரைம் (கடன் தரம் குறைந்தவர்களுக்குக் கொடுத்த) கார் கடன்களில் 60 நாளுக்கு மேல் பாக்கி 6.56 சதவீதம் என்று வந்தபோது, அந்தக் கணக்கு தொடங்கிய 1990-களுக்குப் பிறகு இதுதான் உச்சம் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இன்னொரு வரி இருக்கிறது, தவணை நீட்டிப்பு. வாடிக்கையாளர் கஷ்டம் சொல்கிறார், இரண்டு மாதத் தவணையை ஒப்பந்தத்தின் கடைசிக்குத் தள்ளிவைக்கிறோம். தள்ளிவைத்த நொடியில் அவர் பாக்கிக்காரர் இல்லை, கணக்கில் சுத்தமாகிவிடுவார். உண்மையிலேயே உதவி தேவைப்பட்டவருக்கு இது நல்லது, வேலை போய் அடுத்த வேலை கிடைக்கும் வரை ஒரு குடும்பத்தின் வண்டி தப்பிக்கும், அப்படித் தப்பியவர்கள் பிறகு கடைசித் தவணை வரை ஒழுங்காகக் கட்டியதைக் கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் பாக்கி சதவீதம் மேலே போகிற மாதங்களில் நீட்டிப்பும் கூடவே ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் நான் அனுப்பிய தாளில் பாக்கி வரி அழகாக இருக்கும். எண்களில் பொய் இல்லை. ஒவ்வொரு நீட்டிப்பும் விதிக்கு உட்பட்டதுதான். ஆனாலும் அந்தத் தாளை மட்டும் வைத்து ஒருவர் ஓய்வூதிய நிதிக்காக முடிவெடுக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதனால் என் பழக்கம்: முதலில் நீட்டிப்பு விகிதம், பிறகுதான் பாக்கி விகிதம். 2020 பெருந்தொற்றின் முதல் மாதங்களில் நீட்டிப்பு திடீரென எகிறியது, பாக்கி அதன்பின் இறங்கியது. அரசு உதவித்தொகையும் அதற்குக் காரணம், ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு மக்கள் முன்னைவிட ஒழுங்காகக் கட்டுவதாக மட்டுமே தெரிந்திருக்கும்.

ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து பொதுவில் விற்கும் அமெரிக்க வாகனத் தொகுப்புகளுக்கு 2016 நவம்பர் முதல் ஒவ்வொரு கடனின் விவரத்தையும் மாதாமாதம் வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. பெயர் இருக்காது, ஆனால் வட்டி, காலம், கடன் புள்ளி, வண்டி மாடல், நீட்டிப்பு எல்லாம் இருக்கும். யார் வேண்டுமானாலும் அந்த ஆணையத்தின் எட்கர் தளத்தில் எடுத்துப் பார்க்கலாம். தனியாரிடம் மட்டும் விற்கும் வெளியீடுகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சப்பிரைமில் கணிசமான பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஜனவரி 14

9-ஆம் தேதி எழுதியதை இன்னும் கூர்மையாக்க வேண்டும். "விற்கிறது" என்றேன், "நிதி திரட்டல்" என்றும் சொன்னேன். அப்படியானால் இது விற்பனையா, கடன் வாங்கலா என்று ஒருவர் மடக்கியிருக்கிறார்.

சட்டத்தின் கண்ணில் விற்பனை. வழக்கறிஞர் உண்மையான விற்பனை என்று கருத்துரை எழுதிக் கொடுக்காமல் எந்த ரேட்டிங் நிறுவனமும் தாய் நிறுவனத்தைவிட உயர்ந்த தரம் தராது. கணக்கேட்டின் கண்ணில் பெரும்பாலும் கடன் வாங்கல். அமெரிக்காவில் 2010-இல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் மாற்றங்களுக்குப் பிறகு, வசூலையும் நடத்திக்கொண்டு கடைமடையையும் வைத்திருக்கும் கம்பெனி, டிரஸ்டைத் தன் கணக்கேட்டிலேயே சேர்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. அதனால்தான் விற்றுவிட்ட கடன்கள் இன்னும் ஆண்டறிக்கையில் சொத்தாக நிற்கின்றன, எதிர்ப்பக்கம் நோட்டுகள் கடனாக நிற்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

சட்டத்தின் கண்ணில் விற்பனை என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. எல்டிவி ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானபோது, தான் விற்ற வரவு பாக்கிகளில் வந்த பணத்தைத் தானே பயன்படுத்திக்கொள்ள இடைக்கால அனுமதி கேட்டது, நீதிமன்றமும் கொடுத்தது. அந்த வழக்கு கடைசித் தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில் முடிந்தது, ஆனால் சந்தை நடுங்கிவிட்டது. கார் கடன் இல்லைதான், ஆனாலும் அந்தச் சுவரை எவ்வளவு கவனமாகக் கட்ட வேண்டும் என்பதற்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஜனவரி 14, சற்று நேரம் கழித்து

கடைமடையைக் கம்பெனி வைத்திருக்கும் என்றதிலும் ஒரு வரம்பு உண்டு. அதற்கான சான்றிதழையே தனியாக விற்றுவிடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே கேள்வி கேட்டவரின் பயம் நியாயமானது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சட்டம் தலையிட்டதும் இதனால்தான்: அமெரிக்காவில் வாகனத் தொகுப்புகளுக்கு 2016 டிசம்பர் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் அமலில் உள்ள பொது விதியிலும், குறைந்தது 5 சதவீதம் வைத்திருந்தே ஆக வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2021-இல் வகுத்த விதிகளில் கடனின் மூலக் காலம் 24 மாதத்துக்குள் என்றால் 5, அதற்கு மேல் என்றால் 10. கூடவே, கடன் கொடுத்த கையோடு விற்கவும் முடியாது: இரண்டு வருடத்துக்குட்பட்ட கடனுக்கு மூன்று மாதம், அதைவிட நீண்டதற்கு ஆறு மாதம் வைத்திருந்து தவணை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் விற்கலாம். எனக்கு இந்த இரண்டாவது விதிதான் அதிகம் பிடிக்கிறது. மோசடியாகப் போட்ட கடன் பெரும்பாலும் முதல் சில தவணைகளிலேயே முகத்தைக் காட்டிவிடும்.

அமெரிக்க விதியில் ஒரு விலக்கும் வைத்தார்கள், தகுதியான வாகனக் கடன் என்று. வருமானத்தில் கடன் சுமை 36 சதவீதத்துக்குள், முன்பணம் குறைந்தது விலையில் 10 சதவீதம் என்றெல்லாம் நிபந்தனை. வாகனக் கடன் நடக்கும் விதத்துக்கும் இதற்கும் பொருந்தாததால் அதைப் பயன்படுத்துவார் யாருமில்லை என்றே சொல்லலாம்.

ஜனவரி 17

லீஸுக்கு வருகிறேன். கடனைவிட இதில்தான் விஷயம் அதிகம்.

கடனில் வண்டி வாடிக்கையாளருடையது, கம்பெனிக்கு அதன் மேல் அடமான உரிமை. லீஸில் வண்டி கம்பெனியுடையது. பத்திரமாக்க வேண்டுமென்றால் பல்லாயிரம் வண்டிகளின் உரிமைப் பதிவை டிரஸ்ட் பெயருக்கு மாற்ற வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம், வரி, தாள் வேலை. அதைத் தவிர்க்க அமெரிக்காவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லீஸ் எழுதும் முதல் நாளே வண்டியை டைட்லிங் டிரஸ்ட் என்ற ஒரு அமைப்பின் பெயரில் பதிந்துவிடுவது. பத்திரமாக்கும்போது வண்டியின் பதிவு அசையாது. இந்த எண்ணுள்ள லீஸ்களும் இந்த வண்டிகளும் தரும் பலன் மட்டும் தனி என்று உள்ளுக்குள் ஒரு பிரிவை ஒதுக்கி, அதற்கான சான்றிதழை நோட்டு வெளியிடும் டிரஸ்டுக்குக் கொடுக்கிறார்கள். சூபி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள்.

வண்டிக்கு உரிமையாளர் என்றால் விபத்துக்கும் பொறுப்பா? சில மாநிலங்களில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. லீஸ் எடுத்தவர் மோதினால் உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக லீஸ் நிறுவனம் மேல் வழக்கு. 2005-இல் வந்த கிரேவ்ஸ் திருத்தம் தேசிய அளவில் அதை நிறுத்தியது, நிறுவனத்தின் சொந்தக் கவனக்குறைவு இருந்தால் தவிர.

அடுத்தது எச்ச மதிப்பு. லீஸ் முடியும்போது வண்டி என்ன விலை போகும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே போட்ட மதிப்பு அது. லீஸ் தொகுப்பின் மதிப்பில் பாதிக்கு மேல் இதுவாகவே இருப்பது சாதாரணம். அதாவது முதலீட்டாளர் வாடிக்கையாளரின் நாணயத்தைவிடப் பழைய கார் சந்தையை நம்பிப் பணம் போடுகிறார். கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதிய எச்ச மதிப்பையே நம்பினால் ஆபத்து, விற்பனைக்காக உயர்த்தி எழுதியிருப்பார்கள். அதனால் ஏஎல்ஜி போன்ற வெளி மதிப்பீட்டாளரின் எண்ணையும் எடுத்து, இரண்டில் குறைந்ததைத்தான் தொகுப்புக் கணக்கில் சேர்ப்பார்கள்.

இதில் ஒருபக்கச் சாய்வு ஒன்று உண்டு. லீஸ் முடிவில் சந்தை விலை ஒப்பந்த விலையைவிட உயர்ந்திருந்தால் வாடிக்கையாளர் தானே வாங்கிக்கொள்வார், லாபம் அவருக்கு. குறைந்திருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார், நஷ்டம் தொகுப்புக்கு.

2008-இல் எரிபொருள் விலை ஏறி, பெரிய வண்டிகளை யாரும் சீந்தாமல் போனபோது ஃபோர்டு கிரெடிட் லீஸ் வண்டிகளின் மதிப்பில் மட்டும் ஒரே காலாண்டில் 2.1 பில்லியன் டாலர் குறைத்துக்கொண்டது. கிரைஸ்லர் ஃபைனான்ஷியல் அந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் லீஸ் கொடுப்பதையே நிறுத்தியது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டில் பழைய கார் விலை உச்சத்துக்குப் போனபோது நிலைமை தலைகீழ், எச்ச மதிப்புக்கு மேலே விற்றது.

ஜனவரி 17, இரவு

மின்சாரக் கார் லீஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், எனக்கும் அதுதான் மனதில். 2023 தொடக்கத்தில் டெஸ்லா புதுக் கார் விலையைக் குறைத்ததும் பழைய மின்சாரக் கார்களின் விலையும் சேர்ந்து சரிந்தது. 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிடப் போவதாக அறிவித்தது. அதே நேரத்தில் அமெரிக்க வரிச் சட்டத்தில் லீஸ் நிறுவனங்களுக்கு வண்டிக்கு 7,500 டாலர் வரை சலுகை கிடைத்தது. வாங்குபவருக்கு இருந்த கெடுபிடிகள் லீஸுக்கு இல்லாததால் மின்சாரக் கார்கள் பெருமளவில் லீஸ் பக்கம் திரும்பின. அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. மூன்று வருட லீஸ் என்று கணக்கிட்டால் அந்த வண்டிகள் இந்த வருடத்திலிருந்து 2028 வரை திரும்பி வரும். ஒரு லீஸ் தொகுப்பை எடுத்தால் நான் இப்போது முதலில் தேடுவது மின்சார வண்டிகளின் பங்கையும், அவை எந்தெந்த மாதத்தில் குவியலாக முடிகின்றன என்பதையும்தான்.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் ஜெர்மன் லீஸ் தொகுப்புகளான விசிஎல் வரிசையில் மாதத் தவணைகளை மட்டும் பத்திரமாக்கி, எச்ச மதிப்பை வெளியே வைக்கிறார்கள். திரட்டும் பணம் குறையும், ஆனால் நோட்டுக்காரருக்குப் பழைய கார் சந்தைத் தலைவலி இல்லை.

ஜனவரி 19

"2008-இல் வீட்டுக் கடன் பத்திரங்கள் எரிந்ததுபோல இதுவும் எரியாதா?" வீட்டுக் கடனில் எல்லோரும் வீட்டு விலை ஏறும் என்பதை நம்பிக் கடன் கொடுத்தார்கள். கார் விலை இறங்கும் என்று கடன் கொடுக்கும் அன்றே தெரியும், அதனால் தவணையிலேயே அசல் வேகமாகக் கழிகிறது. கார் கடனை யாரும் திரும்பத் திரும்ப மறுநிதி வாங்கி ஓட்டுவதும் குறைவு. முன்கூட்டியே அடைபடுவதெல்லாம் வண்டியை மாற்றுவதாலோ, விபத்தில் வண்டி போய்க் காப்பீட்டுப் பணம் வருவதாலோதான் பெரும்பாலும்.

ஆனாலும் 2008 இலையுதிர் காலத்தில் இந்தச் சந்தை மூடிக்கொண்டது. கடன்கள் கெட்டுப்போனதால் இல்லை, நோட்டு வாங்க ஆள் இல்லாததால். டெபாசிட் இல்லாத கம்பெனிக்கு அது மூச்சு நின்றது மாதிரி. அமெரிக்க மைய வங்கி டால்ஃப் என்ற திட்டத்தை 2009 மார்ச்சில் திறந்து, ட்ரிபிள் ஏ நோட்டு வாங்குபவர்களுக்குக் கடன் கொடுத்தது. மொத்தம் 71 பில்லியன் டாலர் போனது, அத்தனையும் நஷ்டமில்லாமல் திரும்பி வந்தது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் பெரிய பலவீனம் இதுதான், கடன் நன்றாகவே இருக்கும்போதும் பண வழி அடைபட்டுவிடலாம்.

ஜனவரி 21

டிரைகலர் பற்றி இவ்வளவு நேரம் ஏன் பேசவில்லை என்று கோபப்பட்டிருக்கிறார் ஒருவர். பேசுகிறேன்.

கடன்கள் டிரஸ்டுக்குப் போகும் முன் ஒரு இடைக்காலம் உண்டு. தொகுப்பு பெரிதாகும் வரை வங்கியிடம் அந்தக் கடன்களை ஈடு வைத்துப் பணம் எடுப்பார்கள், வேர்ஹவுஸ் கடன் என்று பெயர். டிரைகலர் ஹோல்டிங்ஸ், பழைய கார் விற்று அதற்குக் கடனும் கொடுத்த டெக்சாஸ் நிறுவனம், 2025 செப்டம்பர் 10 அன்று சொத்துகளை விற்று மூடும் ஏழாம் அத்தியாயத் திவாலுக்கு விண்ணப்பித்தது. ஒரே கடனை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஈடு வைத்ததாகக் குற்றச்சாட்டு. ஜேபி மோர்கன் மட்டும் 170 மில்லியன் டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

தலைமடை, கடைமடை, ரிசர்வ் என்று நான் மேலே போட்ட கணக்கு முழுவதும், அந்த 1000 உண்மையிலேயே இருக்கிறது, ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அதனால்தான் மூல ஒப்பந்தத்தைப் பாதுகாக்கும் தனிக் காப்பாளர், மின்னணு ஒப்பந்தமென்றால் அதிகாரபூர்வப் பிரதி ஒன்றே ஒன்று என்ற சட்டத் தேவை, தொகுப்பிலிருந்து மாதிரி எடுத்து வண்டி எண்ணோடு ஒப்பிடும் தணிக்கை எல்லாம். என் வேலையில் யாரும் பெரிதாக மதிக்காத பகுதி இந்த ஒப்பிடல்தான். ஒரே வண்டி எண் இரண்டு பட்டியலில் வருகிறதா என்று தேடுவது சலிப்பூட்டும் வேலை. அதைச் செய்கிறவர்களுக்குக் கம்பெனிக்குள் இன்னும் அதிகாரம் வேண்டும் என்று நான் அன்றும் வாதாடினேன், இன்றும் அதுவே என் கருத்து.

இன்னொன்று, டிரஸ்டுக்காகத் தவணைகளை வசூலிக்கும் நிறுவனம், அதாவது வசூலாளர், விழுந்தால் என்ன ஆகும்? 2023-இல் அமெரிக்கன் கார் சென்டர், யு.எஸ். ஆட்டோ சேல்ஸ் இரண்டும் கடையை மூடின, வசூல் வேறு நிறுவனத்துக்கு மாறியது. வாடிக்கையாளர் எங்கே கட்டுவது என்று தெரியாமல் தவிப்பார், சிலர் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நிறுத்திவிடுவார்கள். தரம் குறைந்த கடன் தொகுப்புகளில் மாற்று வசூலாளரை முன்கூட்டியே அமர்த்துவதும், வந்த பணத்தை இரண்டு வேலை நாளுக்குள் டிரஸ்ட் கணக்கில் போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஜனவரி 22

தவணை கட்டுகிறவருக்கு என்ன மாறும்? ஒப்பந்தம் மாறாது, வட்டி மாறாது, பெரும்பாலும் கட்டும் இடமும் அதேதான். பழுதான வண்டியை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்றால், விற்பனையாளரிடம் வைக்க வேண்டிய வாதத்தைக் கடனை வாங்கியவரிடமும் வைக்கலாம் என்று அமெரிக்காவில் 1976-இலிருந்தே விதி இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் மாற்றம் தெரியும், 13-ஆம் தேதி எழுதிய நீட்டிப்பில். டிரஸ்டின் கடைசி நோட்டு முதிரும் தேதியைத் தாண்டித் தவணையைத் தள்ள வேண்டுமென்றால், வழக்கமான ஒப்பந்தங்களின்படி வசூலாளர் அந்தக் கடனைத் தன் சொந்தப் பணத்தில் திரும்ப வாங்கியாக வேண்டும். அதனால் ஒரே மாதிரிக் கஷ்டத்தில் இருக்கும் இரண்டு பேரில், கடன் இன்னும் கம்பெனியிடமே இருப்பவருக்குக் கூடுதல் அவகாசமும், டிரஸ்டில் இருப்பவருக்கு மறுப்பும் கிடைக்கலாம். தன் கடன் எங்கே இருக்கிறது என்பதே பின்னவருக்குத் தெரியாது. மறுப்புக் கடிதத்தில் காரணத்தையாவது எழுத வேண்டும்.

ஜனவரி 24

கடைசியாக வந்த கேள்வி: டிரஸ்ட் எப்படி முடிகிறது? தொகுப்பு கரைந்து ஆரம்ப அளவில் 10 சதவீதத்துக்கு வந்ததும், சிலவற்றில் 5 சதவீதம், மிச்சத்தைக் கம்பெனியே மொத்தமாக வாங்கி நோட்டுகளைத் தீர்த்துவிடும் உரிமை இருக்கிறது. அதற்குக் கீழே போனால் டிரஸ்டை நடத்தும் செலவு கட்டுப்படியாகாது. திரும்பி வந்த கடன்களில் ஒழுங்காகக் கட்டப்படுபவற்றை அடுத்த தொகுப்பில் சேர்ப்பதும் உண்டு. புதுத் தொகுப்பு ஒன்றின் சராசரிக் கடன் வயது வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், அந்தக் கடன்களைத் தனியாகப் பிரித்து அவற்றின் பழைய நீட்டிப்புகளைப் பாருங்கள். கடன்வாரி விவரத்தில் அது இருக்கும்.